அத்தையின் விரலில் 98

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பெங்களூரில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுபவன். ஊரிலிருந்து பெரியவர்களை வைத்தியத்துக்கு அழைத்து வரும் நம் மக்கள் யாருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எங்கள் வீட்டில் தங்கி ரேடியேஷன் எடுப்பதாக ஏற்பாடு. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் 8தான் இருக்கு. ரத்தம் ஏத்திட்டு ஆரம்பிக்கலாம்" என்றார்.

"யாரு ரத்தமோ, எனக்கு எதுக்குடா?" என்று அத்தை ஒரே பிடிவாதம். நானும் அத்தை கட்சிதான். 2021 கொரோனாவில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை அவர் விரலில் மாட்டினேன். 98! மறுநாள் அதை டாக்டரம்மாவிடம் சொல்லி வாதாட வேறு செய்தேன்.

அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க பேங்க்தானே? ஹீமோகுளோபின்னா பணம் கொண்டு போற வேன். 98ன்னா ஒவ்வொரு வேனும் நிரம்பியிருக்குன்னு அர்த்தம். வேனே பாதிதான் ஓடுதுன்னா? அதுலயும் இந்தக் கட்டிக்குள்ள ரோடே சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்கின்றன. குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. 1955-லேயே இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்து இதை எழுதியிருக்கிறார்கள். மூச்சுத் திணறும் அந்த செல்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவையாம்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் ஜெர்மனியில் ஹோக்கலும் வாவ்பெலும் இதே நோய் வந்த பெண்களின் கட்டிக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இடத்துக்கு இடம் அளவு எடுத்தார்கள். பி.பி. பார்க்கிற அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கு. நல்ல திசுவில் 40-ஐ ஒட்டி இருப்பது, பல கட்டிகளில் 10-க்கும் கீழே. அப்படி இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அப்படித்தான் என்பதால், கதிர் வேலை செய்யாதது மட்டும் காரணமில்லை. காற்றில்லாத கட்டி இன்னும் முரடாகிறது.

இன்று ஊசியில்லாமல் பெட் ஸ்கேனிலும் பார்க்க முடிகிறது. ஆக்ஸிஜன் இல்லாத செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து, அந்த இடத்தைப் படத்தில் காட்டிக்கொடுக்கும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான். எல்லோருக்கும் எடுக்கும் டெஸ்ட் அல்ல. அத்தைக்கும் எடுக்கவில்லை. கையில் இருந்த ஒரே கணக்கு அந்த 8தான். அதைத்தான் நான் வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறேன்!

காலையில் அத்தையிடம் வேன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ குடுப்பியா?" என்றார். கொடுத்தேன். என் ரத்தம் வேறு யாருக்கோ போனது, அத்தைக்கு வேறு யாருடையதோ வந்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ரத்தம் ஏற்றினால் கட்டியின் மூலைமுடுக்கெல்லாம் காற்று போய்விடும் என்று உத்தரவாதமில்லை. டாக்டரம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாளும் விடாமல் 25 சிட்டிங் முடித்தோம், பிறகு உள்ளே வைக்கும் கதிர். அடுத்த மாதம் செக்கப்.

ஆக்ஸிமீட்டர் இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது. அதன் மேல் தப்பில்லை. விரலைக் கேட்டோம், விரலைப் பற்றிச் சொன்னது.