'பொற்றென்சியல்' என்றொரு சொல்

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் நாவிலே குடியேறிவிட்ட சொற்களுள் 'பொற்றென்சியல்' என்பதும் ஒன்றாகும். 'இவனிடம் பொற்றென்சியல் உண்டு' என ஆசிரியர் கூறுவர். 'வன்னி பொற்றென்சியல் மிக்க பிரதேசம்' என அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் கூறுவர். இரண்டும் பாராட்டுரைகளே. எனினும், இப்பாராட்டு இன்று உள்ளதைப் பற்றியதன்று. நாளை வரக்கூடியதைப் பற்றியது.

'இயலுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். பொருளொன்றில் உள்ளுறையும் இயல்வையும் அது செயலாக வெளிப்படுதலையும் அரிஸ்டோட்டில் அன்றே வேறுபடுத்திக் காட்டினார். தமிழில் 'உள்ளாற்றல்', 'இயலுமை', 'வாய்ப்பு' எனப் பலவாறு இதனைப் பெயர்ப்பர். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்னும் நம் பழமொழியும் நாளையைப் பற்றியதே. ஆயினும், அங்கே கண்ணுக்குத் தெரியும் முளை ஒன்றேனும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அதுவும் வேண்டியதில்லை.

நமது பௌதிக நூல்கள் உயரத்தில் தேங்கிய நீரின் ஆற்றலை 'அழுத்தசக்தி' என வழங்கும். வன்னியிற் பிறந்த எனக்கு இதனை விளங்கவைப்பது இரணைமடுக் குளமே. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தில் மாரிநீர் நிறைந்து நிற்கும். துருசு திறந்து, வாய்க்கால் வழியே கிளிநொச்சி வயல்களை அடையின் அது சிறுபோக நெல்லாகும். மிகுதி நீரோ வான்பாய்ந்து சுண்டிக்குளம் கடனீரேரியைச் சேரும். குளத்தின் நிறைவை எத்துணை புகழ்ந்தாலும் அப்புகழ்ச்சியால் ஒரு வரம்புங்கூட நனையாது.

என்னுடன் கற்ற தோழனொருவன் இப்பாராட்டைப் பலமுறை பெற்றவன். கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் வாய்க்காமையால் அவன் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தினான். பல்கலைக்கழக அனுமதியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகியவை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. பேச்சிலே ஆற்றல் மிக்கது, பட்டியலிலே பின்தங்கியது. ஒரே மண்ணுக்கு இரு பெயர்கள்! இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் பிள்ளைகளின் அறிவுக்குறைவன்று. 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும், ஆசிரியரற்ற வகுப்பறைகளும் அத்தூரத்தை வளர்த்தன.

திறந்த துருசுகளும் இல்லாமலில்லை. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கிய வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

ஆகவே, ஒருவரிடம் பொற்றென்சியல் உண்டென்று கூறுபவர் ஒரு கடமையையும் ஏற்கின்றார் என்பேன். துருசின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.