சித்தப்பா அனுப்பிய வெள்ளை மான்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு மிருகத்தின் போட்டோ தொங்குகிறது. வெள்ளை உடம்பு, கறுப்புக் கால்கள், கம்பியை நட்டு வைத்தது மாதிரி இரண்டு நீளக் கொம்புகள். வீட்டுக்கு வருகிறவர்கள் "இது இன்னா, ஆடா மாடா?" என்று கேட்காமல் போவதில்லை. கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வால் பகுதியில் கொம்போடு ஒரு தலை வரைந்திருப்பார்களே, அந்த மிருகம்தான். அரேபிய ஓரிக்ஸ். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சித்தப்பா மான்'.

சித்தப்பா 19 வருஷம் அல் அய்ன் நகரத்தில் இருந்தார். அபுதாபி அமீரகத்தில், ஓமன் எல்லையை ஒட்டியிருக்கிற பாலைவன ஊர். மரக்காணம் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வெயில் புதுசில்லை. ஆனால் அங்கே கடல் இல்லை. "காத்துல உப்பு வாசனையே வராது பாப்பா, அதான் முதல்ல தூக்கம் வரல" என்பார். கேம்ப் ரூமில் எட்டு பேர். வெள்ளிக்கிழமை லீவு. துணி துவைத்து, ஊருக்குப் போன் பேசி முடித்தால், மிச்சமிருக்கும் சாயங்காலத்தில் எப்போதாவது ஜூவுக்குப் போவார்கள். ஜபல் ஹஃபீத் மலையடிவாரத்தில் 1968-ல் தொடங்கிய அல் அய்ன் ஜூ அது. அங்கே நண்பர் எடுத்த போட்டோவைத்தான் அப்பா பிரேம் போட்டு மாட்டினார். போட்டோவில் சித்தப்பா கிடையாது. மான் மட்டும்தான்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். மார்ச் 3, உலக வனவிலங்கு தினத்துக்கு என்ன போடலாம் என்ற பேச்சில், "ஜூ தேவையா, வேண்டாமா? ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு பாயின்ட்" என்றார் சீனியர். தினமும் அப்படி எழுதித்தான் பிழைக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முறை சாமி படத்துக்குக் கீழே இருக்கும் மானைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததில், அது ஐந்து பாயின்ட்டுக்குள் அடங்க மறுத்துவிட்டது.

கதை இதுதான். அரேபியப் பாலைவனம் முழுக்கச் சுற்றித் திரிந்த மிருகம் ஓரிக்ஸ். ரொம்ப தூரத்தில் பெய்யும் மழையைக்கூட அறிந்து அந்தத் திசையில் நடக்கும் என்பார்கள். குடிக்கத் தண்ணீரே இல்லாமல், பனி ஈரமும் செடி ஈரமுமாக வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஜீப்பும் துப்பாக்கியும் வந்த பிறகு அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வெட்டவெளியில் வெள்ளை மிருகம் எங்கே போய் ஒளியும்?

1962-ல் ஒரு குழு இன்றைய ஏமன் பகுதிக்குப் போய், மிச்சமிருப்பதைப் பிடித்தாவது காப்பாற்றலாம் என்று தேடியது. பிடிபட்டவை நான்கு. ஒன்று இறந்துவிட்டது. மூன்று மிஞ்சின. லண்டன் ஜூ ஒன்று கொடுத்தது. குவைத்திலிருந்து ஒன்று. சவுதி மன்னர் நான்கு கொடுத்தார். ஆக ஒன்பது. இந்த ஒன்பதையும் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பீனிக்ஸ் ஜூவில் சேர்த்தார்கள். அதுவும் பாலைவன ஊர். ஊர் மாறினாலும் வெயில் பழகியதாக இருக்கட்டும் என்பது கணக்கு. 1972-ல் ஓமனில் கடைசி காட்டு ஓரிக்ஸும் போனது. அதன் பிறகு உலகத்தில் அந்த மிருகம் உயிரோடு இருந்தது வேலிக்குள்ளே மட்டும்தான்.

ஒன்பதை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே திரும்ப உண்டாக்குவது எப்படி? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன், பாட்டன் யார் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேடு எழுதுகிறார்கள். எந்த ஆணோடு எந்தப் பெண்ணைச் சேர்க்கலாம், எது நெருங்கிய சொந்தம், எது கூடாது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு. ஒரு ஜூவில் பொருத்தமான ஜோடி இல்லையென்றால் வேறு நாட்டு ஜூவிலிருந்து வரவழைப்பார்கள். என் கல்யாணத்துக்காக வீட்டில் ஜாதக நோட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரம் இது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுங்களுக்காவது நல்லபடியா பொருந்தியிருக்கே" என்றாள்.

பொருந்தியதும் உண்மைதான். மந்தை பெருகியது, வேறு ஜூக்களுக்கும் பிரிந்து போனது. 1982-ல் ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் என்ற பாலைவெளியில் முதல் மந்தையைத் திறந்து விட்டார்கள். நேராகக் கதவைத் திறந்து விரட்டிவிடவில்லை. முன்கூட்டியே கொண்டுவந்து, அந்த மண்ணிலேயே வேலிக்குள் வைத்து, ஒன்றோடொன்று பழகி மந்தையாகச் சேர்ந்த பிறகுதான் விட்டார்கள். காவலுக்கு வெளியூர் ஆள் யாரையும் போடவில்லை. அங்கேயே ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த ஹராசிஸ் இனத்து மக்களுக்கே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் கால் தடம் பார்த்தே எந்த மான் என்று சொல்வார்களாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் சீனியருக்குப் பிடித்த 'பாசிட்டிவ் ஸ்டோரி' கிடைத்திருக்கும். ஆனால் 1994-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சரணாலயத்தில், 1996-ல் 450 ஆக இருந்த ஓரிக்ஸ், 65 ஆகக் குறைந்துபோனது. இந்த முறை பலரும் சுட்டுக் கொல்ல வரவில்லை, உயிரோடு பிடித்து விற்க வந்தார்கள். தனியார் பண்ணைகளில் அழகுக்கு வைத்துக்கொள்ள நல்ல விலை இருந்தது. காப்பாற்றி வளர்த்ததே திருட்டுக்கு வழி செய்தது என்று படித்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, ஓமன் அரசு சரணாலயத்தின் பரப்பில் 90 சதவிகிதத்தைக் குறைத்தது. 2007-ல் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட உலகின் முதல் இடம் அதுதான்.

ஜூக்களில் கையிருப்பு இருந்ததால்தான் அப்போதும் எல்லாம் முடிந்துபோகவில்லை. வேறு நாடுகளில், வேறு இடங்களில் மறுபடி விட்டார்கள். 2011-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஓரிக்ஸின் ஆபத்து நிலையை ஒருபடி குறைத்தது. அப்போது காட்டில் சுமார் ஆயிரம் இருந்தன. காட்டில் அடியோடு அற்றுப்போய்விட்ட ஓர் இனம் அவ்வளவு தூரம் மீண்டது அதுவரை நடக்காதது. அல் அய்ன் ஜூவில் சித்தப்பா பார்த்த மான், அப்படிப்பட்ட ஒரு வம்சத்தைச் சேர்ந்தது.

போனில் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஜூக்காரன் வளத்தான். விடறதுக்கு எடம் வேணும்ல, அது யார் வெச்சிருந்தா?" என்றார்.

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஜூவைப் பற்றி என்ன எழுதினாலும் பாதிதான். பதில் தேடி ஓமன்வரை போகவும் வேண்டாம். சென்னையிலிருந்து மரக்காணத்துக்கு ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தாண்டித்தான் வர வேண்டும். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியது. நாட்டில் முதலை அருகிப்போன அந்தக் காலத்தில், சதுப்பு நில முதலைகளை வளர்த்துப் பெருக்கிய இடங்களில் முக்கியமானது. பெருக்கியதில் பெரிய வெற்றி. ஆனால் விடுவதற்கு ஆறும் ஏரியும் இல்லை. இருக்கிற நீர்நிலை எல்லாவற்றின் கரையிலும் மனிதர்கள். கடைசியில் பண்ணையே கொள்ளாமல், ஆயிரம் முதலைகளைக் குஜராத் மாநிலம் ஜாம்நகரில் உள்ள ஒரு விலங்கு மையத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலியிலிருந்து இன்னொரு வேலிக்கு.

ராஜஸ்தானில் இப்போது இதே கேள்வி கானமயிலுக்கு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்த பறவை. இன்று நாடு முழுக்கச் சேர்த்து 150-ஐத் தாண்டாது என்கிறார்கள். பெரும்பாலானவை தார் பாலைவனத்தில் இருக்கின்றன. 2019-ல் ஜெய்சால்மர் பக்கம் சாம் என்ற இடத்தில் அதற்காக இனப்பெருக்க மையம் தொடங்கினார்கள். கானமயில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். அதைப் பாலைவனத்திலிருந்து அலுங்காமல் எடுத்து வந்து, குஞ்சு பொரித்து, கையால் வளர்க்கிறார்கள். இந்த வித்தையில் கை கொடுத்தது அபுதாபி. ஹூபாரா என்ற தங்கள் பாலைவனப் பறவையை ஆயிரக்கணக்கில் வளர்த்துவிட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் கானமயில் குஞ்சு பிறந்தது.

அந்தக் குஞ்சு வளர்ந்து வெளியே பறந்தால்? தார் முழுக்க உயரழுத்த மின்கம்பிகள். கானமயில் கனமான பறவை, கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே வரும் கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தபோதும் சட்டென்று திரும்ப முடியாது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நடைமுறையில் முடியாது என்று அரசு சொன்னதால் 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அந்தக் கம்பிகளில் பல, சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் கொண்டுபோகிறவை. பூமியைக் காப்பாற்றும் மின்சாரம்தான். யாரைத் திட்டுவது?

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நல்ல விஷயம், நமக்கு ஜூ தேவைப்படும் நிலை இன்னும் வரவில்லை. உப்பளத்தை அடுத்துக் கழுவெளி. கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கும் பெரிய ஏரி. பூநாரை, கூழைக்கடா, எங்கெங்கோ வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் என்று யாரும் வளர்க்காமல், யாரும் பதிவேடு எழுதாமல் தானாக வருகின்றன. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2023-24 பட்ஜெட்டில் மரக்காணத்துக்குப் பன்னாட்டுப் பறவைகள் மையம் என்று 25 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்லதுதான். கரையோரத்தில் இறால் பண்ணைகளும் இருக்கின்றன, ஆக்கிரமிப்பும் இருக்கிறது, ராத்திரியில் வலையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சித்தப்பா 2020-ல் திரும்பி வந்தார். 19 வருஷம் கழித்து வந்தவருக்கு இறங்கி நிற்க அதே பாத்தி இருந்தது. அப்பா விற்காமல் குத்தகையைக் கட்டிக்கொண்டே வந்தார். முதல் வாரம் காலெல்லாம் வெடித்து ரத்தம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மூன்றாம் மாதம் பழையபடி பலகையைப் பிடித்து உப்பு வாரிக்கொண்டிருந்தார். கூட வந்த இரண்டு பேருக்கு அப்படி இடம் இல்லை. மறுபடி ஏஜென்ட்டைப் பார்க்கப் போனார்கள்.

"பறவைக்கு போர்டு வெச்சிருக்காங்க. நல்லா இருக்கட்டும். நாளைக்கு உப்புக்காரன் உள்ள வராதேன்னு ஒரு போர்டு வெச்சா இன்னா பண்றது?" என்று அவர் கேட்கிறார். அந்தப் பயம் உப்பளத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. ஹராசிஸ் மக்களைக் காவலுக்கு வைத்த கதையைச் சொன்னேன். "நமக்கும் தடம் தெரியும். எந்த மாசம் எது வரும், எந்தக் கால்வாய் அடைச்சா எது போயிடும், எல்லாம் தெரியும். யார் கேக்குறா?" என்றார்.

நான் கேட்டேன். அதனால் இப்போது வாரம் ஒருமுறை வாய்ஸ் மெசேஜ் வருகிறது. போன வாரத்தில் வந்தது: "பாப்பா, மேற்கு ஓரத்துல பூநாரை. அறுவது வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எல்லாம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு, கணக்கு கலைஞ்சிடுச்சு. நாளைக்குக் காலைல மறுபடி எண்றேன்."