சுவர் அறிந்து ஆணி அடி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். எழுதுவதற்கு மட்டுமன்று, எழுதிய சித்திரத்தை மாட்டுவதற்கும் சுவரே முதல். ஆயினும் படத்துக்கு நல்ல சட்டம் தேடி அலைகின்ற நாம், அதைத் தாங்கப்போகும் ஆணியைப் பற்றி ஒரு நிமிடமேனும் சிந்திப்பதில்லை.

சிராங்கூன் சாலையை அடுத்த கடைவீடு ஒன்றின் மாடியில் நெடுங்காலம் குடியிருந்த குடும்பம், 1980களின் தொடக்கத்தில் அங் மோ கியோ அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. மறைந்த குடும்பத் தலைவரின் பெரிய உருவப்படம், தேக்குச் சட்டமும் கனத்த கண்ணாடியுமாக உடன் வந்தது. பழைய வீட்டின் மரத்தடுப்பில் ஒற்றை ஆணி அதை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருந்தது. புதுவீட்டுக் கான்கிரீட்டிலோ அடித்த ஆணியெல்லாம் வளைந்தது. சலித்துப்போன மகன், பசையால் ஒட்டும் கொக்கியில் படத்தை மாட்டினான். மூன்றாம் நாள் நள்ளிரவில் படம் விழுந்து நொறுங்கியது.

"தம்பி, அப்பாவுக்கு நாம் என்ன குறை வைத்தோம்?" என்று தாய் கலங்கினாள். படம் விழுவது அபசகுனம் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். மகனிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் அவன் ஜாலான் புசாரிலுள்ள இரும்புச் சாமான் கடைக்குச் சென்றான். முதியவரான சீனக் கடைக்காரர் பாசார் மலாயில் இரண்டே கேள்விகள் கேட்டார்: "என்ன சுவர்? எத்தனை கிலோ?" இரண்டிற்கும் அவனுக்கு விடை தெரியவில்லை. குறை எங்கே என்பது அக்கணமே விளங்கிற்று. பசை சுவரைப் பற்றுவதில்லை. சுவரின் மேலுள்ள வண்ணப் பூச்சையே பற்றுகிறது. பூச்சு உரிந்தால் படமும் விழத்தானே செய்யும்?

எடையைக் கணிப்பது அரிதன்று. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ எடையுள்ளது. ஐந்தடி உயரமும் இரண்டடி அகலமும் கொண்ட 5 மில்லிமீட்டர் நிலைக்கண்ணாடி, சட்டம் இன்றியே பதினொன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

சுவரைத் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். கான்கிரீட்டும் செங்கல்லும் கெட்டியாக ஒலிக்கும். பலகைத் தடுப்பு உள்ளீடற்று ஒலிக்கும். கெட்டிச் சுவருக்கு ஏற்றது ராவல் பிளக். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வழிதேடிய ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர், 1911ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று சணல் நாரால் செய்யப்பட்டது அது. 1958இல் ஜெர்மானியரான ஆர்ட்டூர் ஃபிஷர் நைலானில் விரியும் பிளக்கை உருவாக்கினார். திருகாணி உள்ளே செல்லச் செல்லப் பிளக் விரிந்து துளையின் பக்கங்களை இறுக அழுத்துகிறது. அந்த அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே துளை பிளக்கின் அளவினதாகவே இருத்தல் வேண்டும். காரைப்பூச்சைக் கடந்து உட்செல்லவும் வேண்டும். உள்ளிருக்கும் தூளை அகற்றவும் வேண்டும். உள்ளீடற்ற தடுப்புக்கோ பின்புறம் சிறகு விரிக்கும் போல்ட்டே தக்கது.

படத்தின் பின்புறமும் கவனத்திற்குரியது. வளையங்களை மெல்லிய பின்பலகையில் அன்றிச் சட்டத்தின் இரு பக்க மரங்களிலேயே திருக வேண்டும். கம்பியை விறைப்பாகக் கட்டினால் நல்லது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நடுவில் ஒரே கொக்கியில் தொங்கும் கம்பி, கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் அதன் ஒவ்வொரு பக்கத்து இழுவிசையும் படத்தின் எடைக்குச் சமம். 10 பாகையே சாய்ந்திருந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. கனத்த படத்துக்குக் கம்பியை விடுத்து, இரு வளையங்களை இரு கொக்கிகளில் மாட்டுவதே நன்று. நம் ஊரின் ஈரக்காற்றில் சாதாரண இரும்பு துருவேறும். துருப்பிடிக்காத எஃகு சற்று விலை கூடினாலும் நிலைக்கும்.

விசைப்பலகைக்கு நேர் மேலும் கீழும் துளையிடலாகாது. மின்கம்பி அவ்வழியே ஓடக்கூடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் உள்ள காப்பறைச் சுவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. அவற்றைக் கேட்டறிந்த பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் முறை.

அங் மோ கியோ வீட்டில் மகன் படத்தை எடைபோட்டான். இரு துளைகளிட்டுப் பிளக் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினான். படத்தை மாட்டுமுன் கொக்கிகளை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. அடுத்து வந்த நினைவு நாளில், தேக்காவில் வாங்கிய கனத்த மல்லிகை மாலையோடு படத்தின் முன் வந்து நின்ற தாய், சற்றே தயங்கினாள்.

"தம்பி, மாலையின் எடையையும் சேர்த்துத்தானே கணக்குப் போட்டாய்?"

சகுனத்திற்கு அஞ்சிய உள்ளம் அன்று கணக்குக் கேட்டது. "சேர்த்துத்தான் அம்மா" என்றான் மகன். அவள் மாலையைச் சாற்றினாள்.