வெள்ளி இரவு பஸ், சனி காலை கடல்

பெங்களூரில் கடல் இல்லை. அல்சூர் ஏரி இருக்கிறது, சாங்கி ஏரி இருக்கிறது. இரண்டிலும் முங்கி எழ யாரும் ஆசைப்படுவதில்லை. ஆனாலும் அக்டோபர் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவு முருடேஸ்வர் பக்கம் போகும் பஸ்களில், மாஸ்க்கும் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பும் பையில் துருத்திக்கொண்டிருக்க, சிலர் ஏறுகிறார்கள். இரவெல்லாம் 500 கிலோமீட்டர் பயணம். விடிந்தால் படகு. கரையிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தள்ளி, அரபிக் கடலில் நேத்ராணி என்ற பாறைத் தீவு. அதைச் சுற்றியுள்ள நீரில்தான் ஸ்கூபா டைவிங். தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வரை இது வாராவாரம் நடக்கும்.

எட்டுப் பத்து நண்பர்கள் சேர்ந்து ஒரு படகையே வாடகைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பம். பணம் கட்டியாகிவிட்டது, ஆகவே படகு நம்முடையது என்று நகரத்து மனம் நினைக்கிறது. படகோ அப்படி நினைப்பதில்லை. பாதி வழியில் அலை பெரிதாகி, 'திரும்பிவிடலாம்' என்று படகோட்டி சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. லீவு போட்டது, ஹோட்டலுக்குப் பணம் கட்டியது, அடுத்த வாரம் மீட்டிங் இருப்பது எதுவும் அலைக்குத் தெரியாது. படகோட்டியிடம் வாதாடிக் கடலில் இறங்கியவர்கள் உண்டு. அவர்கள் எல்லோருமே நல்லபடியாகக் கரை சேர்ந்துவிடவில்லை.

தயாரிப்பு படகுத்துறையில் தொடங்குவதில்லை. அது பெங்களூரிலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு நகரத்து நீச்சல் குளங்களிலேயே முதல் பாடங்கள் நடக்கின்றன. முதல்நிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், பிறகு கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். அதன் பிறகு 18 மீட்டர் வரை போகலாம். ஒருநாள் ஆசைக்கு வருபவரைப் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அவருக்கு 12 மீட்டர்தான் எல்லை. இரு தரப்பாரும் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இருக்கிறது: ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா என்றெல்லாம் கேட்கும். சாப்ட்வேர் போடும்போது வரும் நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டிப் பழகிய கை, இதிலும் வரிசையாக 'இல்லை' என்று எழுதிவிடுகிறது. அந்தப் பொய்யைச் சொல்லும் இடம் இதுவல்ல.

ஜலதோஷம் சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் அது நடக்காது. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம். மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்பதும் ஆபத்தே. மருந்தின் வேகம் ஆழத்தில் தீர்ந்துபோனால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இருமல், சளி என்றால் அந்த வாரம் கரையில் உட்கார்ந்து 20 நிலைக் கோபுரத்தைப் பார்க்கலாம். முருடேஸ்வரில் அதற்குக் குறைவில்லை.

பஸ்ஸில் தூக்கம் வராது என்று இரண்டு பெக் போட்டுக்கொள்வதும் கூடாது. படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள், டாக்டரைக் கேட்டு, தூக்கம் வரவழைக்காத மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் கடலுக்குத்தான் போகும். வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. இரண்டு இட்லி நல்லது, மசாலா தோசையும் பூரியும் வேண்டாம்.

படகில் ஏறிய பிறகு முதலில் புரிவது, இடம் எவ்வளவு குறைவு என்பதுதான். செருப்பு கழற்றப்படுகிறது. ஒவ்வொருவரின் சாமானும் ஒரே பையில், அவரவர் பெஞ்சுக்கு அடியில் இருக்க வேண்டும். ஈர உடையோடு போய் அடுத்தவரின் உலர்ந்த துண்டின் மேல் உட்காருவது, காமிராவுக்கென்று வைத்த நன்னீர் வாளியில் மாஸ்க்கைக் கழுவுவது போன்றவை சின்ன விஷயங்கள். ஒரே நாளில் நட்பை முறிக்கக்கூடிய சின்ன விஷயங்கள். சிலிண்டர் சின்ன விஷயமல்ல. காற்று நிரப்பியது 15 கிலோவுக்குக் குறையாது, உள்ளே 200 பார் அழுத்தம். அதைக் கட்டாமல் நிற்க வைத்துவிட்டு செல்பி எடுக்கப் போனால், அடுத்த அலையில் அது யாருடைய கால் மேலாவது விழும். துடுப்பை மாட்டிக்கொண்டு படகில் நடப்பதும் அப்படித்தான். படகின் விளிம்புக்குப் போய், அங்கே உட்கார்ந்து மாட்ட வேண்டும். மாட்டியதும் இறங்கிவிட வேண்டும்.

வாந்தி வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது படகை விட்டு வெளியே போகும் பக்கம் குனிய வேண்டும். எதிர்ப்பக்கம் குனிபவரை அந்தப் படகில் யாரும் மறக்க மாட்டார்கள்.

இறங்குவதற்கு முன் பயிற்சியாளர் பேசும் ஐந்து நிமிடம், அந்தப் பயணத்திலேயே விலை அதிகமான ஐந்து நிமிடம். அப்போது போன் பையில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் பேச்சு இல்லை, கைதான் மொழி. கட்டை விரலை உயர்த்தினால் நிலத்தில் 'சூப்பர்' என்று அர்த்தம். கடலில் 'மேலே போக வேண்டும்' என்று அர்த்தம். மீன் கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டை விரலைத் தூக்கியவரைப் பயிற்சியாளர் கடமை தவறாமல் மேலே கொண்டுவந்து விடுவார். 'எல்லாம் சரி' என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். எதையும் தொடக் கூடாது என்பதும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும். பவளப் பாறை மெல்ல வளரும் உயிர். உதைக்கும் காலுக்கு அது தெரியாது.

சான்றிதழ் பெற்றவர்கள் இரண்டிரண்டு பேராக இறங்குகிறார்கள். ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க, அளவுமானியைக் கவனித்தபடி இரண்டு மூன்று முறை மூச்சிழுக்கச் சொல்வார்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. தமிழர்களுக்கு இது புதிய பாடமில்லை. தூத்துக்குடி, மன்னார் கடலில் கல்லைத் துணையாகக் கொண்டு முத்துக் குளித்தவரின் கயிற்றை, படகில் இருந்தபடி பிடிப்பவர் அவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பார் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலி நினைவில் இருக்கும்வரை கை நழுவாது. ஸ்கூபா ஜோடிக்கு அப்படிப்பட்ட உறவு இல்லை. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

முத்துக் குளித்தவர் மூச்சை அடக்கினார். ஸ்கூபாவில் அடக்கவே கூடாது. 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரலோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிய அது தாராளமாகப் போதும். 50 பார் மிச்சம் இருக்கும்போதே படகுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

மேலே வந்ததும் தலை எண்ணுவார்கள். குளிரும், பசியும், படம் பார்க்கும் அவசரமும் சேர்ந்து அது ஒரு தொந்தரவாகப்படும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் அமெரிக்கத் தம்பதி இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பிவிட்டது. படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்து விஷயம் புரிந்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. பேர் கூப்பிடும்போது அவரவர் பேருக்கு அவரவர்தான் குரல் கொடுக்க வேண்டும். 'அவனும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான்' என்பது பதிலாகாது. கடைசி முறை இறங்கப் போவதில்லை என்று முடிவு செய்தவரும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். பெங்களூர்க்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அவருடைய வீடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் வெளி அழுத்தம் மேலும் குறைந்தால், மூடியைத் திறந்த சோடா பாட்டில் மாதிரி ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழ் கட்டலாம். டைவிங் முடிந்து விமானம் ஏறக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஒரு முறை மட்டும் இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல். விமான அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும்போது பொருந்தும் கணக்கு அது.

விமானத்தில்தானே போகக் கூடாது, நாங்கள் பஸ்ஸில் போகிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உடம்புக்கு பஸ் என்றும் விமானம் என்றும் தெரியாது, உயரம்தான் தெரியும். ஞாயிறு காலை இரண்டாவது முறை இறங்கி, மதியம் மீன் சாப்பாடு முடித்து, மாலை பஸ் ஏறினால், ஹொன்னாவர் தாண்டி ஜோக் பக்கம் மலை ஏறி, சாகர் வரும்போதே 600 மீட்டர் ஆகிவிடும். ரயிலில் மங்களூர் வழியாகப் போனாலும் சக்லேஷ்பூர் மலையைத் தப்ப முடியாது. ஒருநாள் ஆசைக்குக் கொஞ்ச நேரம், குறைந்த ஆழத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு ஆபத்து சொற்பம். இரண்டு நாளும் ஆழத்தில் இறங்கியவர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமையே இறங்கும் வேலையை முடித்துக்கொண்டு, ஞாயிறு பகலைக் கரையில் கழித்துவிட்டு பஸ் ஏறுவதுதான் எளிய வழி. ஞாயிறும் இறங்கியே தீருவேன் என்பவர் திங்கள்கிழமைக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேலதிகாரியிடம் சொல்லக் காரணம் இருக்கிறது: நைட்ரஜன்.

திங்கள் காலை மெஜஸ்டிக்கில் இறங்கும்போது தோளோ முழங்காலோ வலித்தால், பஸ் சீட்டின் மேல் பழி போடத் தோன்றும். கை மரத்துப்போவதும், காரணமில்லாத அசதியும் தூக்கமின்மை மாதிரியே இருக்கும். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலுதவி ஆக்ஸிஜன், சிகிச்சை அழுத்தக் கூண்டு. கடலே இல்லாத ஊரில், கடைசியாக எப்போது கடலுக்குள் இறங்கினீர்கள் என்று டாக்டர் கேட்பது சந்தேகம்தான். போனவர்தான் சொல்ல வேண்டும்: எந்த நாள், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று.