இஞ்ச் டேப்பும் என் இடுப்பும்

எடை 54 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. போட்டால் 22.5. இந்தியர்களுக்கு 23-க்குள் இருந்தால் போதும் என்பார்கள். அந்தத் தெம்பில் ரொம்ப நாள் ஓட்டினேன். மாதவிடாய் நின்ற பிறகும் எடை ஏறவில்லை; ஜாக்கெட்டின் கீழ் ஹூக் மட்டும் மாட்ட மறுத்தது. எடை மெஷினுக்குத் தெரியாதது டெய்லருக்குத் தெரிந்துவிட்டது.

ஜிம்முக்குப் போகும் மகள் டேப்போடு வந்தாள். "வயித்த உள்ள இழுக்காதம்மா, மூச்ச விடு." விட்டேன். இடை ஒடுங்கும் இடத்தில் 80. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 82. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், பாவாடை நாடா பதிந்து கறுத்த தழும்பின் மேல், 84. ஆசியப் பெண்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை 80. விரல் அகலம் ஏறி இறங்கினால் நான் பாஸ் அல்லது ஃபெயில்.

அடுத்து கொழுப்புச் சதவீதம். அமெரிக்கக் கடற்படையின் கணக்கு கழுத்து, இடை, பிட்டம், உயரம் நான்கையும் கேட்கும். இடையை ஒடுங்கிய இடத்தில் எடுக்கச் சொல்லும். அதில் எனக்கு 33 வந்தது. 2018-இல் வந்த இன்னொன்று எளிது: உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 20-ஆல் பெருக்கி, பெண்ணென்றால் 76-இலிருந்து கழிக்க வேண்டும். அது இடுப்பெலும்பு விளிம்பு அளவை எடுத்துக்கொள்வதால் 39 என்றது. ஒரே சாயங்காலம், ஒரே உடம்பு. அக்காவிடம் போனில் 33 என்றுதான் சொன்னேன், 39-ஐப் பற்றி மூச்சு விடவில்லை.

கடற்படைக் கணக்கு அங்கே வேலை பார்த்தவர்களின் உடம்பை வைத்துப் போட்டது. அவர்களிலேயே மூன்று நான்கு புள்ளி தள்ளிப்போவது சகஜம். டேப் சுற்றளவைத்தான் பார்க்கும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு, குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு, தசை எல்லாம் அதற்கு ஒன்றுதான். பெண்களில் கொழுப்பு ஒருத்திக்குத் தொடையில் சேரும், இன்னொருத்திக்கு வயிற்றில். மாதவிடாய் நின்றால் தொடைக்காரிக்கும் வயிற்றுக்கு இடம் மாறும்.

நம் ஊர் உடம்பு வேறு தனி ரகம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஆண்கள் கதைதான், ஆனாலும் என் 22.5 மேல் வைத்திருந்த நம்பிக்கை அந்தப் படத்தோடு போயிற்று.

பிறகு கொழுப்பை அளக்கும் முழு உடம்பு டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன்: 37 சதவீதம். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறுமாம். டாக்டர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். இடுப்பளவைக் கேட்டார், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார், எச்.பி.ஏ.1.சி. என்ற சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது சதவீதம் போடுவதில்லை. காலையில் சாப்பிடும் முன், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் ஒரு அளவு; காலண்டரில் சென்டிமீட்டரை மட்டும் குறிக்கிறேன். 82 என்பது 80 ஆனால் ஏதோ குறைகிறது என்று நம்பலாம், எவ்வளவு கொழுப்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. துணி டேப் வைத்திருப்பவர்கள் அதை ஒரு இரும்பு ஸ்கேலோடு ஒட்டிப் பாருங்கள். இழுத்து இழுத்து நீண்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. புதிது வாங்கியதும் அரை சென்டிமீட்டர் கூடிவிட்டது.