எரிமலைத் தீவில் ஓர் ஓய்வுக் காலம்

மார்கழித் திங்களில் குச்சனூர் வயல்வெளிகளைப் பனிமூட்டம் எளிதில் விட்டுப் பிரிவதில்லை. மலைத்தொடரிலிருந்து இறங்கும் குளிர்காற்று வயது முதிர்ந்தோரின் மூட்டுகளை வருத்துகிறது. அதே திங்களில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவிலோ நல்ல வெயில் காலம். அங்கே கிறிஸ்து பிறப்பு விழா கோடையில் வருகிறது. செம்மயிற்கொன்றை மரங்கள் செக்கச்செவேலெனப் பூத்து நிற்கின்றன. சாலையோரங்களில் லிச்சிப் பழங்கள் கொத்துக் கொத்தாக விலையாகின்றன. மணமாகி 35 ஆண்டுகளாகியும் விடுமுறை என்று எங்கும் சென்றறியாத நானும் என் துணைவியும், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஒரு வாரம் அந்த வெயிலை நாடிச் சென்றோம்.

மும்பையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர்; நமது தேனி மாவட்டத்தைவிடச் சிறியது. ஏறக்குறைய எண்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து பொங்கியெழுந்த எரிமலைக் குழம்பு இறுகி உருவான நிலம் அது. கியூர்பீப் நகரின் உச்சியில் த்ரூ ஓ செர்ஃப் என்னும் எரிமலை வாய் இருக்கிறது. ஒருகாலத்தில் நெருப்பைக் கக்கிய அந்தப் பெரும் பள்ளத்தில் இன்று மரங்கள் அடர்ந்து, நடுவே சிறிது நீர் தேங்கி நிற்கிறது. தெற்கே சமரேல் என்ற ஊரில் ஏழு நிற மண்மேடுகளைக் கண்டோம். எரிமலைப் பாறை நாளடைவில் மக்கி மண்ணாகியபோது, அதிலிருந்த இரும்பு சிவப்பையும் பழுப்பையும், அலுமினியம் நீலத்தையும் ஊதாவையும் தந்தன என்கிறார்கள்.

கடற்கரையைவிட என் துணைவியைக் கவர்ந்தது தலைநகராகிய போர்ட் லூயிஸின் பெரிய சந்தை. கீரைக் கட்டு ஒன்றைக் காட்டி, ‘பிரேட் முரும்’ என்றார் கடைக்காரப் பெண்மணி. பார்த்தால் நம் முருங்கைக்கீரை! கறிவேப்பிலை அங்கே ‘கரிப்புலே’; கொத்தமல்லி ‘கொத்தொமிலி’; ரசம் ‘ரசோன்’. அந்நாட்டு ரூபாய்த் தாளிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. ஆயினும் அத்தமிழர் இல்லங்களில் இன்று பேச்சுமொழி பெரும்பாலும் கிரியோலே. நாவு மறந்த மொழியை அடுக்களை மறக்கவில்லை.

இவர்கள் எப்படி இங்கு வந்தார்கள்? கரும்புக் காடுகளைக் கடந்து செல்லும்போது அதற்கு விடை தெரிகிறது. வயல்களின் நடுவே கருங்கற்கள் மதில்போலவும் கோபுரம்போலவும் குவிந்து கிடக்கின்றன. எரிமலை கக்கிய அந்தக் கற்களைப் பொறுக்கி அகற்றாமல் அங்கே கரும்பு நட இயலாது. அவற்றைச் சுமந்து குவித்தவை முதலில் ஆப்பிரிக்க அடிமைகளின் கைகள். பின்னர் இந்தியக் கூலியாட்களின் கைகள்.

அடிமை முறை 1835இல் ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளின் வரவு தொடங்கிவிட்டது. ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் இவ்வாறு வந்தனர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர் பல்லாயிரவர். தொடக்க ஆண்டுகளில் வந்தோர் அநேகமாக எல்லாரும் ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவந்தவர்கள் எத்தனை பேரோ! போர்ட் லூயிஸில் அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் உள்ளன. ஆப்ரவாசி காட் எனப்படும் அவ்விடத்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவர்களுக்கு மாதக் கூலி ஐந்து ரூபாய் அளவே. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர். காய்ச்சலில் படுத்த உடலுக்கும் அன்று ஓய்வு அத்துணை விலையுயர்ந்த பொருளாயிருந்தது!

அப்படிகளின் முன் நெடுநேரம் நின்ற என் துணைவி, “நாம் ஒரு வாரம் சும்மா இருக்க வந்த ஊரில், அவர்களால் ஒரு நாள் படுக்க முடியவில்லையே!” என்றாள்.

மறுநாள் செயின்ட் குருவா ஆலயத்தில் லாவால் அடிகளாரின் கல்லறையைத் தரிசித்தோம். பிரான்சு நாட்டில் மருத்துவராயிருந்து குருத்துவம் ஏற்ற இவர், 1841இல் இத்தீவுக்கு வந்தார். விடுதலை பெற்றும் ஆதரவற்றிருந்த முன்னாள் அடிமைகளின் மொழியைக் கற்று, அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்து, 1864 செப்டம்பர் 9ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். நமது வேளாங்கண்ணியைப் போலவே அங்கும் இந்துக்களும் இசுலாமியரும் மெழுகுதிரியோடு வந்து வணங்குகின்றனர். சுமை சுமந்து சோர்ந்தவர்களுக்கு இளைப்பாறுதல் தருவேன் என்ற ஆண்டவரின் அழைப்பை, சோர்ந்தவர்களின் குடிசைக்கே கொண்டுசென்றவர் அவர்.

ஓய்வு என்பது செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரமன்று. மனிதனாய்ப் பிறந்தவனுக்கு இறைவனே வகுத்தளித்த உரிமை அது. நமது கம்பம் பள்ளத்தாக்கிலும் பொழுது புலருமுன்னே ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. மாலையில் இறங்கி வந்தபின்னும் அடுப்பு அவர்களுக்காகவே காத்திருக்கிறது. கூலிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசிக்கும் ஞாயிறு என்றால் கூடுதல் சமையல் என்பதன்றி வேறென்ன?

கடல் கடந்து செல்ல எல்லாருக்கும் இயலாது, செல்லவும் வேண்டுவதில்லை. ஆனால் நம் வயலில் உழைப்பவர் நோயுற்ற நாளில் கூலியைப் பிடிக்காமல் கொடுப்பது இயலும். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் கணவரும் பிள்ளைகளும் அடுக்களைக்குள் நுழைந்து, தாயை ஒருவேளை அமர்த்தி உணவு பரிமாறுவதும் இயலும். எட்டு நாள் வெயிலில் காய்ந்து நாங்கள் கொணர்ந்த செல்வம் இந்த எண்ணமே.