ஓர் இலக்கத்தை மாற்றிய பெடியன்



போன தவணையில் நடந்த ஒரு விசயத்தை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறோம். நாங்கள் என்றால், ஒரே பாடசாலையில் ஐ.சி.ரி. படிப்பிக்கிற நாங்கள் இரண்டு பேரும். பிழை திருத்தப்பட்டு விட்டது, அதனால் எழுதுவதில் யாருக்கும் ஆபத்தில்லை. பாடசாலை, கம்பனி, பிள்ளை, யாருடைய பெயரையும் போடவில்லை. கேட்கவும் வேண்டாம்.

பிள்ளைகளின் புள்ளிகளை உம்மா வாப்பா போனிலேயே பார்க்கட்டும் என்று ஒரு மென்பொருள் கம்பனியின் சேவையை எடுத்திருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லிங்க் வரும். அதன் கடைசியில் ஓர் இலக்கம். பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சும்மா விளையாட்டுக்கு அந்த இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிப் பார்த்திருக்கிறான். அடுத்த பிள்ளையின் பக்கம் திறந்தது. பெயர், விலாசம், தாயின் போன் இலக்கம், புள்ளிகள், எல்லாம்.

கிராம சேவகர் கந்தோரில் அடையாள அட்டையைப் பார்க்காமல், "எத்தனையாம் நம்பர் பைல்?" என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான் இது. வாசலில் பூட்டு இருந்தது. உள்ளே எந்தப் பைல் யாருடையது என்று பார்க்க ஆளில்லை.

அவன் ஐந்து பக்கங்களைத் திறந்து படமும் எடுத்து, இரண்டு கூட்டாளிகளுக்குக் காட்டியிருக்கிறான். அவர்களில் ஒருவன், "வட்ஸ்அப் குரூப்பில் போடு, கேர்ள்ஸின்ட வீட்டு நம்பர் எல்லாம் எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சுத்தான் இவனைப் பயப்படுத்தியது. லுஹர் தொழுகை முடிந்து எங்களிடம் வந்தான். "சேர், ஒரு பிழை செஞ்சிட்டன். ஆனா பிழை அங்கயும் இருக்கு" என்றான்.

உண்மையைச் சொல்கிறோம், முதலில் ஏசினோம். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டோம். அவன் முகம் கறுத்துப் போனது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் விளங்கியது, இவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் படங்கள் இரவுக்குள் ஊரைச் சுற்றியிருக்கும்.

எங்களுக்கு இன்னொரு பயமும் வந்தது. 2016 ஆகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் இணையத்தளத்துக்குள் புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதி பற்றிச் செய்தி போட்டதற்காகக் கடுகண்ணாவையில் 17 வயது மாணவன் ஒருவன் கைதானது ஞாபகமிருக்கும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் புகுவது குற்றம். "சும்மா பார்த்தேன்" என்பது அதற்குப் பதிலாகாது.

ஆனால் 2021இல் சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் ரயில் ரிக்கற் பதிவு செய்யும் ஐ.ஆர்.சி.ரி.சி. தளத்தில் இதே மாதிரி ஒரு பிழையைக் கண்டார். ஓர் இலக்கத்தை மாற்றினால் மற்றப் பயணிகளின் விபரம் தெரிந்தது, ரிக்கற்றை ரத்துச் செய்யவும் முடியும் என்ற நிலை. அவர் அதை ஊருக்குச் சொல்லவில்லை. இந்திய அரசின் கணினி அவசரக் குழுவான சேர்ட்-இன்னுக்கு எழுதினார். சில நாட்களிலேயே சரி செய்தார்கள். 2015இல் தமிழ்நாட்டின் லக்ஷ்மன் முத்தையா, பேஸ்புக்கில் யாருடைய பட அல்பத்தையும் அழிக்கக்கூடிய ஓட்டையைக் கண்டு அந்தக் கம்பனிக்கே சொன்னார். அவர்கள் அதை அடைத்துவிட்டு 12,500 டொலர் பரிசும் கொடுத்தார்கள்.

கடுகண்ணாவைப் பிள்ளைக்கும் தாம்பரத்துப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கெட்டித்தனம். ஓட்டையைக் கண்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அன்றைக்கே மூன்று பெடியன்களையும் கூப்பிட்டு இருத்தி, போன்களில் இருந்த படங்களை எங்கள் கண்முன்னே அழிக்க வைத்தோம். பிறகு கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினோம். எந்தப் பக்கம், என்ன செய்தால் என்ன தெரிகிறது, எத்தனை பக்கம் திறக்கப்பட்டது, எதுவும் வைத்திருக்கவில்லை, திருத்தும் வரை வெளியில் சொல்ல மாட்டோம். இவ்வளவுதான். மாணவனின் பெயரைப் போடவில்லை. எங்கள் இரண்டு பேரின் பெயரைப் போட்டோம். அதிபருக்கும் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினோம்.

ஆறு நாள் பதிலில்லை. ஏழாம் நாள் ஒருவர் போன் எடுத்தார். "உங்களுக்கு யார் அனுமதி தந்தது? பொலிசில் என்ட்ரி போடுவம்" என்றார். கை நடுங்கியது, மறைக்கவில்லை. ஆனாலும் திரும்ப எழுதினோம். இன்னும் ஒரு வாரத்தில் சரி வராவிட்டால் இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவிப்போம் என்று மரியாதையாகச் சொன்னோம். ஒன்பதாம் நாள் அவர்களுடைய தொழில்நுட்பப் பிள்ளை ஒருவர் கதைத்தார். "சேர், நீங்க சொன்னது சரி" என்றார். அடுத்த நாள் இலக்கத்தை மாற்றினால் பக்கம் திறக்கவில்லை.

ஆனால் விபரம் வெளியில் தெரிந்த வீடுகளுக்குக் கம்பனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நாங்கள்தான் சொன்னோம். ஓர் உம்மா எழும்பிக் கேட்டார், "எங்கட விலாசத்தை எத்தின பேர் பார்த்திருப்பினம்?" அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியின் பாரம் எங்கள் சமூகத்துக்கு விளங்கும். 1990 ஒக்ரோபரில் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போனவர்கள் நாங்கள். புத்தளத்தில் ஒரு பதிவு, திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பதிவு, வீட்டுத் திட்டத்துக்கு ஒரு படிவம், வாக்காளர் இடாப்புக்கு ஒரு படிவம் என்று எழுதி எழுதியே வாழ்ந்திருக்கிறோம். அந்தப் பைல்களில் எங்கள் கஷ்டமெல்லாம் இருக்கிறது. அது அமானிதம். வைத்திருக்கிறவர் காக்க வேண்டும், தற்செயலாகக் கண்டவரும் காக்க வேண்டும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. பிள்ளைகளின் விபரத்தை வாங்குகிற பாடசாலை, ரியூசன், பள்ளிவாசல், சங்கம் எல்லோரும் யோசிக்க வேண்டிய விசயம்.

பிள்ளைகளே, அப்படி ஒன்றைக் கண்டால் முதலாவதோடு நிறுத்துங்கள். இரண்டாவதைத் திறக்காதீர்கள். படத்தைப் பகிராதீர்கள், காசு கேட்காதீர்கள். நம்பிக்கையான பெரிய ஆள் ஒருவரிடம் வாருங்கள்.

பெரியவர்களே, அப்படி வருகிற பிள்ளையை ஏசாதீர்கள். நாங்கள் ஏசினோம். பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல சேர்" என்றான். கம்பனியிடமிருந்து அவனுக்கு நன்றி வரவில்லை. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாததும் நல்லதுதான். அவனுடைய வாப்பாவிடம் மட்டும் போய், "உங்கட மகன் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தோம்.